அப்பாவுக்கு ஒரு தனி அறை

கோடு சரியாகத்தான் இருந்தது. பலகைதான் நாலு விரல் குட்டையாக வந்திருந்தது.

மேனேஜர் டேப்பை இழுத்து இன்னொரு தரம் அளந்து பார்த்தார். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவர் உதவி மேனேஜர்தான். ஆனால் வீட்டிலும் தெருவிலும் மேனேஜர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விட்டுப்போன பாதியை அவரும் யாருக்கும் நினைவூட்டியதில்லை.

"என்னங்க, அளந்துட்டுதானே அறுத்தீங்க?" என்றாள் மனைவி.

"அளந்தேன். மிஷின்தான் சரியில்ல."

பாவம், மிஷின் ஒரு தப்பும் செய்யவில்லை. வட்ட ரம்பத்தை வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "சார், கைடு கட்டையைக் கோட்டு மேலயே வெச்சிடாதீங்க. கட்டையை ஒட்டிப் போறது மிஷினோட அடித்தட்டு. பிளேடு அதுல இருந்து நாலு விரல் தள்ளி இருக்கு. அந்த இடைவெளியைப் பார்த்துத் தள்ளி வைங்க."

"அம்பது பேரை வேலை வாங்கறவன்யா நான்" என்று சொல்லிவிட்டு வந்தவர், கட்டையைக் கோட்டின் மேலேயே வைத்து முடுக்கினார்.

வேலை இதுதான். வீடு அப்பாவுடையது. ஜன்னலும் காற்றுமாக இருந்த பெரிய அறையில் அவர் இருந்தார். அந்த அறைமேல் மனைவிக்கு நெடுநாளாக ஒரு கண். ஹால் மூலையில் இரண்டு பக்கம் பிளைவுட் தடுப்பு எழுப்பி அப்பாவை அங்கே மாற்றிவிடுவது என்று முடிவானது. இருக்கிற அறையைப் பிடுங்கிக்கொண்டு, "உங்களுக்குன்னு ஒரு தனி ரூம் கட்டித்தரேம்பா" என்று பெற்றவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். மேனேஜருக்கு அது இருந்தது.

"உனக்கு எது வசதியோ அப்படிச் செய்" என்று சொல்லிவிட்டு, அப்பா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். கண்ணாடியில் படிந்த மரத்தூளை அவ்வப்போது துடைத்துக்கொண்டார்.

"நாலு விரல்தானே? ரூம் நாலு விரல் சின்னதா இருந்தா குடியா முழுகிடும்?" என்றார் மேனேஜர்.

"முழுகாது" என்றார் அப்பா.

இரண்டாவது பலகைக்கு மேனேஜர் உஷாராகிவிட்டார். கட்டையைக் கோட்டிலிருந்து நாலு விரல் நகர்த்தினார். வெளிப்பக்கம் நகர்த்துவதற்குப் பதில் உள்பக்கம் நகர்த்தினார். பலகை எட்டு விரல் குட்டையானது.

"இப்ப என்ன செய்யறது?" என்றாள் மனைவி.

"ரூமைக் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாம்."

நிமிர்த்திப் பார்த்தபோது மூலையில் இரண்டு பலகையும் ஒட்டவில்லை. முதல் பலகையை அறுக்கும்போது கட்டையின் ஒரு முனைக்குத்தான் கிளாம்ப் இறுக்கியிருந்தார். மறுமுனை நைசாக நழுவியிருந்தது. வெட்டு நேராகத்தான் போயிருந்தது, போகவேண்டிய திசையில் இல்லை, அவ்வளவுதான். கோணலைச் சரிசெய்ய மறுபடி அறுத்தார். அந்தக் கோணல் போய் எதிர்க்கோணல் வந்தது. அதைச் சரிசெய்ய இன்னொரு தரம் அறுத்தார். ஒவ்வொரு தரமும் பலகையிலிருந்து ஒரு பட்டை விழுந்தது, அப்பாவின் அறையிலிருந்து ஒரு பட்டை இடம் போனது.

"சாமான் வைக்கிற இடம் மாதிரி இருக்கே" என்றாள் மனைவி. அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஆனால் பெரிய அறை வேண்டாமென்று சொல்லுமளவுக்கு அது போகவில்லை.

"அவர் ஒருத்தருக்கு இது போதாதா? என்னப்பா, போதும் இல்ல?"

"கட்டில் நுழையுமா?" என்றார் அப்பா.

நுழையவில்லை. நீளவாக்கில் ஒரு முழம் இடித்தது. குறுக்குவாக்கில் பேச்சுக்கே இடமில்லை.

"தரையில படுத்துக்கிறீங்களா மாமா?" என்றாள் மருமகள்.

"முட்டி மடங்காதேம்மா."

மேனேஜர் இடுப்பில் கைவைத்துக் கட்டிலையே பார்த்தார். பிறகு ரம்பத்தைப் பார்த்தார்.

"டேய், அதுல உங்கம்மா படுத்திருந்தாடா" என்றார் அப்பா.

"தெரியும்பா. கால்மாட்டுல ஒரு முழம்தானே எடுக்கப்போறேன்? நீங்க கொஞ்சம் குறுக்கிப் படுத்துக்கோங்க."

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. மேனேஜர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து கோடு போட்டார்.

இந்த முறை அவர் எதையும் விட்டுவைக்கவில்லை. பிளேடுக்கும் அடித்தட்டு ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். கட்டையைச் சரியான பக்கம் தள்ளி வைத்தார். இரண்டு முனையிலும் கிளாம்பை இறுக்கினார். ரம்பம் வெண்ணெயில் போவதுபோல் போனது. விழுந்த துண்டை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். மயிரிழை பிசகவில்லை.

"பார்த்தீங்களா! எப்படி நேரா வந்திருக்கு பாருங்க!" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அன்றைக்கு ஒழுங்காக விழுந்த ஒரே வெட்டு அதுதான். கால் போன கட்டிலுக்கு முட்டுக் கொடுக்கப் பலகைத் துண்டுகள் வேண்டிய மட்டும் கிடந்தன. கட்டிலை உள்ளே தள்ளியாயிற்று. அப்பா எழுந்து வந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். முட்டி தடுப்பில் இடித்தது.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்குப்பா" என்றார் அப்பா. குரலில் துளிக் கோபம் இல்லை. மேனேஜருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாசலில் மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். முன்பின் பார்த்திராத ஓர் ஆள் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் உள்ளே வந்தார். மரத்தூளைப் பார்த்தார். தடுப்பைத் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, உள்ளே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கேட்டார்:

"என்ன பெரியவரே, போன வாரம் வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடுத்தப்ப இந்தத் தடுப்பெல்லாம் இல்லையே, உங்க பையன் காலி பண்ணும்போது இதையும் கழட்டி எடுத்துட்டுப் போயிடுவார் இல்ல?"