கோடைத் திறப்பு விழா

உங்க வீட்டுப் பக்கம் கோடைக்காலம் எந்தத் தேதியில ஆரம்பிக்குதுன்னு யாராவது கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?

சிரிக்காதீங்க. மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைக்கு மேல் மாடியில் இயங்கும் உலக இளைஞர் தொண்டர் வரவேற்பு மன்றத்தில் இந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. குழு அமைத்தார்கள்.

மன்றத்தின் வேலை ரொம்ப எளிது. வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்களை வரவேற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்து, பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும். மதிப்புமிகு இயக்குநர் பேசில் அவர்கள் இதில் ‘பத்திரமாக’ என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முன்பு ஒரு தொண்டர் ரயிலில் தூங்கிப்போய்க் கிள்ளானில் போய் இறங்கிவிட்டார். அன்றிலிருந்து, அனுமதி பெற்ற பயணம் தவிர வேறெதற்கும் தொண்டர்கள் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டக் கூடாது என்பது விதி.

இந்த முறை வந்தவர்கள் இரண்டு பேர், எஸ்தரும் மிலானும். ஹங்கேரிக்காரர்கள். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது. விமானத்தில் வந்தபோது பார்த்திருக்கலாம், ஆனால் வெளியே இருட்டு, தவிர இவர்களுக்குக் கிடைத்தது நடு இருக்கை.

அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு ஷார்மைனுக்கு. செராஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவள், லோரி ஓட்டும் ரோனியின் மனைவி, நாலு வயது ஜோவினாவின் அம்மா. எஸ்தர் வந்த அன்றைக்கே அவளிடம், “மலேசியாவுல எல்லாப் பக்கமும் கடலாமே?” என்று கண்ணை விரித்து ஆங்கிலத்தில் கேட்டாள். ஷார்மைன் கொஞ்சமும் யோசிக்காமல், “அதுக்கென்ன, நான் காட்டுறேன் லா” என்று சொல்லிவிட்டாள்.

அந்த வாக்குக் கொடுத்து ரெண்டு மாசம் ஓடிப்போயிற்று. வருகிற திங்கட்கிழமை அவர்களுக்கு ஊருக்கு விமானம். இதுவரை அவர்கள் பார்த்த பெரிய நீர்நிலை, மழை பெய்தால் அலுவலக வாசலில் தேங்கும் தண்ணீர்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஐரோப்பாவில் இருக்கும் தலைமையகம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. எல்லா நாட்டுக் கிளைகளும் தொண்டர்களுக்காக ஒரு கோடை நிகழ்ச்சியும், வார இறுதியில் ஒரு பட்ஜெட் பயணமும் நடத்தவேண்டுமாம்.

ஷார்மைன் மாடிப்படியில் ஓடினாள். “சார், மோரிப் கடற்கரைக்குப் போலாம் சார்! ஸ்கூல் பஸ் பிடிச்சிக்கலாம், நாசி லெமாக் சோறு கட்டிக்கிட்டா போதும்.”

பேசில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய முடிவு எடுக்கும்போதெல்லாம் அவர் அப்படித்தான்.

“பொறுங்க ஷார்மைன். இதுல ‘கோடை நிகழ்ச்சி’ன்னு போட்டிருக்கு. இப்போ கோடையா?”

“சார், வெளிய பாருங்க. நாய்கூட நிழல் தேடுது.”

“அது வெயில். வெயில் வேற, கோடை வேற. வெயில் இயற்கை. கோடை நிர்வாகம். ஒரு தேதியில தொடங்கி ஒரு தேதியில முடியணும். நம்ம நாட்டுல கோடை என்னைக்குத் தொடங்குச்சு?”

“எனக்குத் தெரிஞ்சு நான் பிறக்கிறதுக்கு முன்னாடி சார்.”

“பார்த்தீங்களா, ஆதாரம் இல்ல.”

உடனடியாகக் கோடை நிர்ணயக் குழு அமைந்தது. தலைவர் பேசில். செயலாளர் ஷார்மைன். பொதுமக்கள் சார்பில் ஆபீஸ் பையன் தம்புசாமி. பேர்தான் பையன், மனுஷனுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. கூட்டம் நடந்த அறையில் ஏர்கோன் எந்நேரமும் உறைய வைக்கும் குளிரில் ஓடியதால், கோடையைப் பற்றி மூவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் ஆலோசித்தார்கள்.

“நம்ம ஊர்ல என்னென்ன பருவம் இருக்குன்னு வரிசையாச் சொல்லுங்க,” என்றார் பேசில்.

“டுரியான் பழ சீசன் இருக்கு சார்,” என்றார் தம்புசாமி. “புகைமூட்ட சீசன் இருக்கு, வெள்ள சீசன் இருக்கு. அப்புறம் வருசம் முழுக்க செயில்ஸ் சீசன்.”

“இதுல கோடை எது?”

தம்புசாமி ஒவ்வொன்றாக விரலில் எண்ணிப் பார்த்தார். “எல்லாத்துலயும் வேர்க்குது சார்.”

குழு மறுபடி கூடியது, அதற்கப்புறமும் ஒருமுறை கூடியது. திங்கட்கிழமை நெருங்க நெருங்க ஷார்மைனுக்குக் காலண்டரைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. கடைசியில் பேசில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானத்தை வாசித்தார்: “தொடங்காத ஒன்று நடந்துகொண்டிருப்பதாக அறிக்கை எழுத இயலாது. எனவே மலேசியாவின் கோடைக்காலத்தை இம்மன்றமே முறைப்படி தொடங்கி வைக்கும்.”

“எப்ப சார்?”

“சனிக்கிழமை காலையில. அரசாங்கப் பட்டம் வாங்கின டத்தோ ஒருத்தர் வந்து திறந்து வைப்பாரு.”

“கடல் சார்?”

“கோடை திறந்ததும், மத்தியானம் கடல். கோடைக்கு முன்னால கடலுக்குப் போனா, அது வெறும் பயணம் ஆயிடும்.”

சரி, எப்படியோ கடல் வந்துவிட்டது என்று ஷார்மைன் மூச்சு விட்டாள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

“விழாவுக்கு நாற்காலி போட, சாப்பாடு பரிமாற ஆள் வேணுமே. நம்மகிட்ட தொண்டர்கள் யார் யாரு இருக்காங்க?”

“எஸ்தரும் மிலானும்தான் சார். ஆனா விழாவே அவங்களுக்குத்தானே?”

“தொண்டர்னா தொண்டு செய்யணும் ஷார்மைன். அவங்க பரிமாறட்டும்.”

“அப்ப நாற்காலியில யாரு உக்காருவா?”

“தொண்டர்கள்.”

“அவங்கதான் பரிமாறிக்கிட்டு இருப்பாங்களே சார்!”

“அப்போ வேற தொண்டர்களைக் கூட்டிட்டு வாங்க. நாற்பது பேர் இருந்தா படம் நல்லா விழும். ஆளுக்கு ஒரு மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்திடலாம்.”

அன்று மாலையே ஷார்மைன் செராஸ் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். சனிக்கிழமை விழா, இலவச டி-ஷர்ட், மதியச் சாப்பாடு, லக்கி டிரா. வேறு எதற்குக் கூப்பிட்டாலும் ‘முயற்சி செய்றோம் மா’ என்று கட்டைவிரல் காட்டும் குழு அது. இந்தத் தடவை ரைஸ் குக்கர் கொதிப்பதற்குள் நாற்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

மூன்றாம் மாடி இராஜம்மா ஆன்டி மட்டும் போனிலேயே கூப்பிட்டாள். “ஷார்மைன் மா, சட்டை எக்ஸ்எல் இருக்கா? அப்புறம், சாப்பாடு தபாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா? நான் சும்மாத்தான் கேக்குறேன். டப்பா எல்லாம் கொண்டுவர மாட்டேன்.”

சனிக்கிழமை அவள் டப்பா கொண்டு வரவில்லை. சொன்னால் சொன்னதுதான். நாலடுக்குக் கேரியர் கொண்டு வந்தாள்.

மண்டபத்தில் தெர்மகோலில் செய்த ஒரு பெரிய சூரியன் நின்றது. டத்தோ பொத்தானை அழுத்தினால் அதிலுள்ள பல்புகள் எரியும், கோடை தொடங்கும். ஆனால் டத்தோ வரவில்லை. வேறொரு திறப்பு விழாவில் இருக்கிறார், வந்துகொண்டே இருக்கிறார் என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. தகரக் கூரைக்குக் கீழே மஞ்சள் சட்டைகள் எல்லாம் நனைந்து ஒட்டிவிட்டன.

“சார், எல்லாரும் வேர்த்து ஊத்திக்கிட்டு இருக்காங்க. அந்த ஐஸ் சிராப்பையாவது கொடுத்திடலாமா?”

“அது கோடைப் பானம், ஷார்மைன். நிகழ்ச்சி நிரலைப் பாருங்க. கோடை இன்னும் தொடங்கல.”

“பிள்ளைங்களுக்குத் தாகம் சார்!”

“அது கோடைக்கு முந்தின தாகம். அதுக்கு ஒதுக்கீடு இல்ல.”

எஸ்தரும் மிலானும் கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு சிராப் தட்டைத் தூக்கியபடி நின்றார்கள். கிளாஸில் ஐஸ் கரைந்து, வெளிப்பக்கம் தண்ணீர் நீளம் நீளமாக வழிந்தது. “அக்கா, கடல் எத்தனை மணிக்கு?” என்று எஸ்தர் மெதுவாகக் கேட்டாள். “தோ வந்துடும் மா,” என்றாள் ஷார்மைன், கடல்தான் இவர்களைத் தேடி வருகிற மாதிரி.

ஒருவழியாக டத்தோ வந்தார். மாலையைப் போட்டுக்கொண்டார், பொத்தானை அழுத்தினார். தெர்மகோல் சூரியன் பளிச்சென்று எரிந்த அதே விநாடி, வானத்தைக் கிழித்தது போல மழை கொட்டியது. “இந்த இனிய கோடை வெயிலில்…” என்று டத்தோ தொடங்கினார். மற்றதெல்லாம் கூரை போட்ட சத்தத்தில் போய்விட்டது. கடைசிவரை கை தட்டினார்கள். சும்மா சொல்லக் கூடாது, காதில் விழாத பேச்சுக்கு நம் ஜனங்கள் தட்டுகிற மாதிரி வேறெங்கும் தட்ட மாட்டார்கள்.

பிறகு படம். நாற்பது மஞ்சள் சட்டைகளும் டத்தோவைச் சுற்றி நின்றன. நடுவில் இராஜம்மா ஆன்டி, சர்வதேசத் தொண்டர் என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு. படமெடுத்தவர் கையை ஆட்டினார். “அந்தக் கேட்டரிங் பொண்ணு, கொஞ்சம் தள்ளி நில்லு மா. ஃப்ரேம்ல விழுற.”

எஸ்தர் தள்ளி நின்றாள்.

அப்புறம் லக்கி டிரா. அப்புறம் லக்கி டிராவில் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் டிரா. அப்புறம் சாப்பாடு. இராஜம்மா ஆன்டியின் கேரியர் அடுக்கடுக்காக நிரம்பி, மழையும் விட்டபோது, வாசலில் ஸ்கூல் பஸ் வந்து நின்றது.

பஸ் கதவருகே பேசில் நின்றார். “மஞ்சள் சட்டை மட்டும் ஏறுங்க. சட்டைக்கு ஒரு சீட்டு.”

மஞ்சள் சட்டைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. கடைசியாக எஸ்தரும் மிலானும் படியில் கால் வைத்தார்கள். பேசில் கையை நீட்டி மறித்தார்.

“சட்டை?”

ஷார்மைன் நடுவில் புகுந்தாள். “சார், இவங்கதான் சார் தொண்டருங்க!”

“எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? படத்துல தெரியணும். நாற்பது தொண்டர்கள் கோடையை அனுபவிச்சதா படம் போயிடுச்சு. அதே நாற்பது பேர்தான் கடலுக்கும் போகணும். நாற்பத்திரண்டு ஆச்சுன்னா, இந்த ரெண்டு பேர் எங்க இருந்து வந்தாங்கன்னு தலைமையகம் கேக்காதா?”

“ஹங்கேரில இருந்து வந்தாங்க சார்!”

“அதை இப்போ சொன்னா எப்படி? முன்னாடியே நிகழ்ச்சி நிரல்ல சேர்த்திருக்கணும்.”

ஷார்மைன் பஸ்ஸுக்குள் ஏறினாள். “எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அந்தப் பிள்ளைங்க கடலைப் பார்த்ததே இல்ல. நாளைக் கழிச்சு ஊருக்குப் போறாங்க. யாராவது ரெண்டு பேரு சட்டையைக் கொடுத்து உதவுங்க. அவங்க போகட்டும்.”

“அய்யோ பாவம்!” என்றாள் இராஜம்மா ஆன்டி. “யாராவது கண்டிப்பா கொடுக்கணும்.” சொல்லிவிட்டுப் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

“கொடுத்துத்தான் ஆகணும்,” என்றது பின்சீட்டு, முன்சீட்டைப் பார்த்து.

“எவ்வளவு நல்ல பிள்ளைங்க! எனக்கு ரெண்டு தரம் சாம்பார் ஊத்துச்சு அந்தப் பொண்ணு,” என்றார் இன்னொருவர், ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தபடி.

ஒரே மனதாக எல்லாரும் இரக்கப்பட்டார்கள். யாரோ ஒரு சின்ன ஜெபம்கூடச் செய்தார்கள். ஷார்மைன் புருஷனைப் பார்த்தாள். ரோனி சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். “நான் கழட்டிடுவேன். உள்ள பனியன் கிழிஞ்சிருக்கு. குடும்பப் பேரு என்ன ஆகுறது?”

வாயைத் திறந்து திட்ட வந்தவள், குனிந்து பார்த்தாள். தானும் மஞ்சளில்தான் இருந்தாள். காலையில் ஆள் ஒன்று குறைந்ததால் எண்ணிக்கைக்காகப் போட்டுக்கொண்ட சட்டை. அவள் கை சட்டை நுனிவரை போனது.

“மம்மி, கடலுக்குப் போறோம்! நீ என் பக்கத்துல உக்காரு!” என்று ஜோவினா சீட்டில் ஏறிக் குதித்தாள். அந்தப் பிள்ளையும் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியே நாலு வருசம் தள்ளியாயிற்று.

கை அங்கேயே நின்றது. பிறகு, சட்டையை இழுத்துச் சரிசெய்து கொள்ளத்தான் போனது மாதிரி இழுத்துச் சரிசெய்தது. ஷார்மைன் உட்கார்ந்தாள். ஜன்னல் பக்கம் மட்டும் உட்காரவில்லை.

கீழே பேசில் குரல் கேட்டது. “எஸ்தர், மிலான், அந்த நாற்காலியெல்லாம் அடுக்கிடுங்க. அப்புறம் கடற்கரைப் பயணத்துல என்னென்ன உணர்ந்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. பஸ்ஸுல போறவங்க எழுதினா, தலைமையகத்துக்குச் சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான் தெரியவரும்.”

பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. எஸ்தர் ஏப்ரனோடு கூடவே ஓடிவந்து இராஜம்மா ஆன்டியின் ஜன்னலைத் தட்டினாள். ஆன்டி மடியிலிருந்த கேரியரை அணைத்துக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சூண்டு தள்ளினாள். டியூஷன் பிள்ளைகளிடம் கற்ற தமிழில், மூச்சு வாங்க வாங்க எஸ்தர் கேட்டாள்:

“ஆன்டி, கடல் என்ன கலர்ல இருக்குன்னு பார்த்து எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க லா, ப்ளீஸ். ரிப்போர்ட்ல எழுதணும்.”