பிடியில் மூன்று வெட்டு

பேய் பயமெல்லாம் படிக்காதவர்களுக்குத்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தவள் நான். (எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். வாய் கொஞ்சம் நீளம்.)

வரலாற்றில் பி.ஏ. முடித்ததும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். பழைய பட்டாளத்துக் கத்திகளைச் சேகரிக்கும் பெரியவர் ஒருவர், ஒவ்வொன்றின் நிலையையும் பார்த்து எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்பா காலமெல்லாம் மில்லில் நின்றே வேலை பார்த்தவர். எனக்கோ நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன்!

சோதனையாக ஒரு கத்தியைத் தந்தார். "ஒரு வாரம் வச்சுப் பாத்து எழுதிட்டு வாம்மா. சரியா இருந்தா வேலை ஒனக்கு. அலகுல இருக்க கறுப்பு, வயசோட அடையாளம். தேய்ச்சிராத."

"பிடியில என்ன சார், மூணு வெட்டு?"

"இதால எத்தனை பேரைக் குத்துனாங்கங்கிற கணக்கு."

வீட்டில் நோட்டில் எழுதினேன்: 'அலகு நன்று. தோல் உறை நன்று. பிடியில் மூன்று வெட்டு.' கத்தியை உறையில் முழுக்கச் செருகி டிரங்குப் பெட்டியில் பூட்டினேன். சாவி என் கழுத்தில்.

மறுநாள் மத்தியானம் திறந்தால், கத்தி உறையைவிட்டு ஒரு விரற்கடை வெளியே நின்றது. அழுத்திச் செருகினேன். அடுத்த நாள் இரண்டு விரற்கடை. எட்டிப் பார்ப்பதுபோல.

"ஏட்டி, மூஞ்சி ஏன் வெளுத்துக் கெடக்கு? கருப்பசாமிக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்கட்டுமா?" என்றாள் அம்மா.

"மூடநம்பிக்கை!" என்று அதட்டினேன். அவள் தண்ணிக்குப் போனதும், கருப்பசாமி அரிவாளுக்குக் குத்துவதுபோலவே கத்தியை உருவி முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குத்தி, குங்குமம் வைத்துப் பூட்டினேன். (படித்த பெண்!) அதன்பிறகு பெட்டிப் பக்கமே போகவில்லை.

ஒப்படைக்கும் நாள் காலையில் திறந்தேன். பழம் கரிக்கட்டையாகச் சுருங்கியிருந்தது. அலகு நாலு விரல் நீளத்துக்கு அரித்து, சிவப்பாக ஒழுகிக் காய்ந்திருந்தது.

கத்தியோடு போய்ப் பெரியவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒங்க வீடு தகரக் கூரையா?"

"ஆமா சார்."

"சூட்டுக்குத் தோல் சுருங்கி கத்தியை வெளிய தள்ளியிருக்கு. அம்புட்டுத்தான். எலுமிச்சை இரும்பைத் தின்னும்னு காலேஜ்ல சொல்லலியா?"

(நான் படித்தது வரலாறு சார், வேதியியல் இல்லை. இதை மனசுக்குள்தான் சொன்னேன்.)

பிடியைத் திருப்பியவர் கை அப்படியே நின்றது. என் நோட்டைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். இரண்டிலும் மூன்று.

பிடியில் நாலு.

"இதை நீ போட்டியா?"

"இல்ல சார்."

கத்தியைத் துணியில் இறுக்கிச் சுற்றினார். "போயிட்டு வாம்மா." வேலை பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன் (நின்றுகொண்டுதான்). வீட்டில் நான் அறிவு பேச ஆரம்பித்தால் அம்மா விடுவதில்லை: "நாலாவது வெட்டு யாருன்னு சொல்லிட்டு மேல பேசுட்டி!"

"குத்துப்பட்டது அவ வேலைதான்!" என்பார் அப்பா. வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

டிரங்குப் பெட்டி இப்போது காலி. சாவி மட்டும் இன்னும் என் கழுத்தில்தான் கிடக்கிறது.