மூன்றாம் மாடி ஈரச்சுவர் பாதுகாப்பு ஆணை

பெரம்பலூர் டவுனில் ஒரு நாலு மாடிக் குடியிருப்பு. அதன் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. பீரோவைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது ஒருத்தர் கட்டில் மேல் ஏறி நிற்க வேண்டும், அவ்வளவு விசாலம். அந்த வீட்டில் ஷாலினி மேரியும் அவள் கணவன் சகாய ஆனந்தும் சுகமாகக் குடித்தனம் நடத்தி வந்தார்கள். சுவர் நனைகிற வரைக்கும்.

ஷாலினி மேரி வீட்டிலிருந்தே ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவள். காதுகுத்துக் குழந்தையைச் சிங்கத்தின் மேல் உட்கார வைப்பாள். மாப்பிள்ளைக்குக் கிரீடம் வைப்பாள். அந்தக் கம்ப்யூட்டர் வீட்டின் ஒரே ஒரு மூலையில்தான் அடங்கும். அந்த மூலைக்கு நேர் மேலே நாலாம் மாடி கலியம்மாளின் குளியலறை. முதலில் சுவர் நனைந்தது. பிறகு காரை பெயர்ந்து கீபோர்டில் விழுந்தது. அடுத்தது மானிட்டரில் விழுந்தால் பிழைப்பே போச்சு.

குடியிருப்பைப் பார்த்துக்கொள்ள சிற்றில்லப் பராமரிப்பு வாரியம் என்று ஒன்று இருந்தது. அது திங்கட்கிழமைதோறும் மனு வாங்கும். மற்ற நாட்களில் வாங்கிய மனுவைப் பத்திரமாக வைத்திருக்கும். ஷாலினி மேரி ஏழு மாதமாக மனு கொடுத்தாள். எட்டாம் மாதம்தான் உதவிப் பொறியாளர் கொளஞ்சியப்பன் மனுவைப் பிரித்தே பார்த்தார்.

“ஏம்மா, கசியுதுன்னா எப்படிக் கசியுது? வட்டமாவா, நீளமாவா? வரைபடம் இணைக்கலையே?”

“போட்டோ இருக்கு சார்.”

“போட்டோவெல்லாம் செல்லாது. கையால வரையணும். தினம் ஒண்ணு, ஒரு மாசத்துக்கு. அப்பதான் கசிவு கசிவுதானான்னு வாரியம் முடிவு பண்ணும்.”

மறுநாள் விடிந்ததும் பென்சிலும் பேப்பருமாகச் சுவர் முன் உட்கார்ந்தாள். ஈரம் கோழி மாதிரி இருந்தது, கோழியை வரைந்தாள். மறுநாள் கோழி பருத்து எருமையாகியிருந்தது. அதையும் வரைந்தாள். அடுத்தவர் வீட்டு மாப்பிள்ளைக்கே கிரீடம் வைத்துக்கொண்டிருந்த கை, முதல் தடவையாகத் தன் இஷ்டத்துக்கு ஓடியது.

“ஏங்க, சீக்கிரம் வாங்களேன்!”

சகாய ஆனந்த் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான். “என்ன, விழுந்துடுச்சா?”

“எருமைக்குக் கொம்பு மொளச்சிருக்குங்க!”

“நான்கூட மானிட்டர் கதை முடிஞ்சிடுச்சோன்னு பயந்துட்டேன்” என்று அவன் திரும்பிப் போனான்.

முப்பது படங்களும் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்த அதே வாரம், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்து சேர்ந்தது. சின்ன வீடுகளில் அன்றாடப் படைப்பூக்கம் எங்கெங்கே சுரக்கிறது என்று கண்டுபிடித்து மாதக் கடைசிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். கொளஞ்சியப்பன் வேர்த்துப்போனார். அலுவலகம் முழுக்கத் தேடினார். ஒரு மேசையிலும் சுரக்கவில்லை. கடைசியில் எருமைப் படம் கண்ணில் பட்டது.

எட்டு மாதமாக வராத வாரியம் எட்டு மணிக்கே வந்தது. கொளஞ்சியப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பார்த்துக் கைகட்டி நின்றார். பிறகு ஆணையை வாசித்தார்:

“மேற்படி சுவரின் ஈரமானது படைப்பூக்கத்தின் மூலாதாரமென இதனால் அறிவிக்கப்படுகிறது. அதனை அடைத்தல், உலர்த்துதல், அதன் மீது மின்விசிறி திருப்புதல் ஆகியன அறவே தடை செய்யப்படுகின்றன. மாதந்தோறும் ஒன்றாம் தேதி ஆய்வு நடைபெறும்.”

“சார், சிஸ்டம் நனையுது சார்.”

“நகத்தி வைங்க.”

“எங்க நகத்துறது? கட்டில் மேலயா?”

“படைப்பாளின்னா கொஞ்சம் கஷ்டப்படணும்மா. அதையும் சேத்துத்தான் திட்டமே.”

அடுத்த ஆணை நாலாம் மாடிக்குப் போனது. ஈரம் குன்றாதிருக்கும் பொருட்டு, கலியம்மாள் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தலா ஆறு வாளி வீதம் குளித்தாக வேண்டும். வெளியூர் போவதானால் பதினைந்து நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

கலியம்மாள் படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். “ஏம் புள்ள, தா.பழூர்ல எம் மவ வூட்டுல நடவு. நான் போவ வேணாமா? நான் குளிக்கிறதுக்கும் கவருமெண்ட்டா நேரம் குறிக்கும்?”

“அக்கா, எம் மேல கோவப்படாதீங்க. நான் கோழிதான் வரைஞ்சேன்.”

அன்றைக்கே சகாய ஆனந்த் தனக்குத் தெரிந்த பிளம்பர் செல்லக்கண்ணுவைப் பூலாம்பாடியிலிருந்து வண்டியில் கூட்டிவந்தான். செல்லக்கண்ணு கலியம்மாள் வீட்டுக் குழாயைக் கழற்றி, ஒரு வாசரை மாற்றி, ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். அரை மணி நேரம். அதில் டீ இருபது நிமிஷம்.

சுவர் காய்ந்தது. மானிட்டர் தப்பித்தது. ஆனால் ஒன்றாம் தேதி ஆய்வு இருக்கிறதே! ஷாலினி மேரி டீத்தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டி, பிரஷ்ஷில் தொட்டு, சுவரில் தானே ஓர் ஈரத்தை வரைந்தாள்.

கொளஞ்சியப்பன் வந்து மூக்கை உறிஞ்சினார். “என்னம்மா, டீ வாசனை அடிக்குது?”

“மேல அக்கா டீ போடுறாங்க சார்.”

“சொவத்துக்குள்ளாற வரைக்கும் வருதே, நல்ல தூள்தான்” என்று சொல்லி, ‘ஈரத்தின் முன்னேற்றம் திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செய்தி பரவியது. ஈரமில்லாத வீடு ரசனையில்லாத வீடு என்று ஆனது. அரியலூரில் போன மாதம்தான் கிரகப்பிரவேசம் முடித்தவர்கள்கூட வந்து நின்றார்கள். “ஹால்ல ஒரு கசிவு போட்டுத் தாங்க. பக்கத்து வூட்டுல இருக்கறதவிடக் கொஞ்சம் பெருசா.”

ஒருநாள் கொளஞ்சியப்பனே தனியாக வந்தார். குரல் இறங்கியிருந்தது.

“எனக்கு எல்லாம் தெரியும்மா. டீயும் தெரியும். மேலிடத்துலேருந்து பெரிய அதிகாரி வர்றாரு. எங்க ஆபீஸ் சீலிங் பளிச்சுன்னு இருக்கு. பாக்கறவங்க எங்களப் பத்தி என்ன நினைப்பாங்க? ஒண்ணு போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தாள். அவருடைய நாற்காலிக்கு நேர் மேலே, கொம்போடு ஓர் எருமை.

பெரிய அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“என்னய்யா இது, ஆபீஸ்லயே கசிவு?”

“படைப்பூக்கத் திட்டம் சார்...”

“அது போன மாசமே முடிஞ்சிடுச்சு. உடனே சரி பண்ணு!”

ஒரு மணி நேரத்தில் ஏணியோடு நாலு பேர் வந்தார்கள். வாரியத்தின் வரலாற்றில் நேரில் வந்து பழுது பார்க்கப்பட்ட முதல் கசிவு அதுதான். எருமையை உடைத்துத் தேடினார்கள், கசிவு கிடைக்கவில்லை. இன்னும் ஆழமாக உடைத்தார்கள். அங்கே நல்ல குழாய் ஒன்று சிவனே என்று கிடந்தது. அதையும் உடைத்தார்கள். ‘கசிவு கண்டறியப்பட்டது’ என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, ஆணையை ரத்து செய்யச் சொல்லி மனுவோடு போன ஷாலினி மேரி, கொளஞ்சியப்பன் குடைக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதைப் பார்த்தாள்.

“பாத்தியாம்மா என் கதிய? நான் யாருகிட்ட மனு குடுக்கறது?”

“இங்கதான் சார் குடுக்கணும். வரைபடம் மறக்காம இணைச்சிடுங்க.”

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து சீலிங் ஈரத்தைப் பார்த்தார்கள். “கோழி மாதிரி இல்ல?” என்றார் ஒருவர். “நல்லாப் பாருங்க, முந்திரி மரம்” என்றாள் பின்னால் நின்ற கலியம்மாள். சண்டை வலுத்தது. வாசலருகே ஆள் உயரத்தில் இருந்த குழாய் வால்வை மூடலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

கொளஞ்சியப்பன் ஷாலினி மேரியைப் பரிதாபமாகப் பார்த்தார். குடையின் ஓட்டை வழியே ஒரு சொட்டு அவர் மூக்கு நுனியில் விழுந்து நின்றது.

“அசையாதீங்க சார்” என்று சொல்லிவிட்டு, ஷாலினி மேரி மனுவைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் வரைய ஆரம்பித்தாள்.