அப்பாவின் பேட்டரி: ஐம்பத்தெட்டு சதவீதம்

பேரன்பும் பெருமதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்த அக்காவுக்கு, உன் ஒரே தம்பியும் இவ்வீட்டின் மின்துறை அமைச்சருமானவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

ஆழ்ந்த வருத்தத்துடன் நாட்டு மக்களுக்கு அறிவிப்பது: அப்பாவுக்கு நீ வாங்கித் தந்த டேப்லெட்டின் பேட்டரி ஆரோக்கியம் ஐம்பத்தெட்டு சதவீதம். என் கணக்குப் பரீட்சையைவிட இது அதிகம்தான், இருந்தாலும் பேட்டரிக்கு இது ஃபெயில் மார்க்காம்.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு அதுதானே வாய்! மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவனை இந்தக் கோடியிலிருந்து திட்டிய விளையாட்டு வாத்தியார், இப்போ ஒற்றை விரலால் 'தடிமாடு' என்று தட்டுவார், டேப்லெட்டுக்குள்ளே இருக்கும் அம்மணி அதைச் செய்தி மாதிரி வாசிப்பாள், நான் "நன்றி, வணக்கம்" என்பேன், அவர் செருப்பைத் தேடுவார். ஆனால் ரெண்டு மாசமாக ஒரு திட்டும் முழுசாக முடியவில்லை. "டேய், உன் மார்க்" என்று ஆரம்பித்தால் திரை கறுத்துவிடும், அவர் வாயைத் திறந்து மூடுவார், காத்துதான் வரும். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "டேய் இங்கே வா, எனக்கு" என்றதோடு அணைந்துவிட்டது. ஆபரேஷனில் மூச்சுக்காகப் போட்ட கழுத்துத் துளையில் சளி அடைத்து மூச்சு முட்டிக்கொண்டிருந்தது அக்கா. நான் ஒரே பாய்ச்சலில் போய், அம்மாவைக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸை வரவழைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். நாலு நாள் வார்டு. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்று காலை அவரும் நானும் முனைக்கடையில் ரிப்பேர் பார்க்கும் ஸ்க்ரூ அண்ணனிடம் டேப்லெட்டைக் கொண்டுபோனோம். அண்ணன் ஏதோ ஒயரைச் செருகி, உதட்டைப் பிதுக்கி, சொன்ன எண்தான் மேலே உள்ளது. ஆகவே குற்றவாளி பேட்டரி. வழக்கு முடிந்தது.

அம்மா உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். அப்பா ஆசி சொல்லச் சொன்னார், சொல்லியாச்சு.

இப்படிக்கு,
உயிர் காத்த உத்தமன்

பி.கு.: அக்கா, மேலே இருப்பதை முதல்லேயே கவரில் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன். அப்புறம்தான், டேப்லெட் அணைஞ்சதை அம்மா சொல்லிக் கேட்டு நீ போன் பண்ணி, "நான்தான் விலை கம்மினு பழசை வாங்கிட்டேன், என்னாலதான்"னு அழுதே. அதனால கவரைப் பிரிச்சு இதை எழுதறேன். பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூத்திநாலு. ஸ்க்ரூ அண்ணன், "இது கல்லு மாதிரி இருக்கு, யார்ப்பா சார்ஜ் போடாம விடறது?"ன்னு கேட்டார். ரெண்டு மாசமா அப்பா திட்ட ஆரம்பிக்கற நேரம் பார்த்து அணையணும்னு, சார்ஜர் ஒயரை நான்தான் பாதியில உருவி வைப்பேன். செவ்வாய்க்கிழமையும் உருவினேன். "எனக்கு"ன்னதும், 'எனக்கப்புறம் உன் கதி என்ன'ங்கற பழைய பாட்டுன்னு நினைச்சு கண்ணாடி முன்னாடி தலை வாரிக்கிட்டு இருந்தேன். பாய்ஞ்சது அம்மா. நான் சீப்போட நின்னேன்.

அண்ணன் சொன்னதைக் கேட்டு அப்பா என்னையே பார்த்தார். வீட்டுக்கு வந்து தட்டினார்: "அக்காவுக்கு பேட்டரி வீக்னு எழுது. நிஜம் தெரிஞ்சா பயந்துடுவா."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை தட்டலை. சார்ஜ் இப்போ நூறு இருக்கு, நானே அரை மணிக்கு ஒரு தடவை பார்க்கறேன். இன்னும் திட்டலை அக்கா.