முதல் பக்கத்தின் மகிமை

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். காபி போடுகிறேன். தேடுபொறியில் என் மனைவியின் பெயரை அடிக்கிறேன். "வேறு யாரையேனும் தேடுகிறீர்களா?" என்று அது பணிவாகக் கேட்கிறது. குளித்துவிட்டு அலுவலகம் போகிறேன்.

குறையாகச் சொல்லவில்லை. மனிதகுலம் கண்ட ஒழுங்குகளிலேயே உன்னதமானது எங்கள் மெத்தை நிறுவனத்தின் வலைப்பூ. அதில் தூக்கத்தைப் பற்றி எழுதியவள் என் மனைவி. தளத்தைப் பராமரிப்பவன் நான். புதிய கட்டுரை வந்தால் பழையது இரண்டாம் பக்கத்துக்கு நகரும், பிறகு மூன்றாம் பக்கத்துக்கு. அவள் இறந்தபின் அவள் எழுதியதெல்லாம் நகர்ந்துகொண்டே போயிற்று.

அப்போதுதான் நிறுவனம் அமர்த்தியிருந்த தேடுபொறி ஆலோசகர், அலுவலகக் கூட்டத்தில் எழுந்து நின்று 'பக்க ஒருமைப்பாட்டுத் திட்ட'த்தை அறிவித்தார்.

"எல்லாப் பக்கத்துலயும் 'அசல் முதல் பக்கம்தான்'னு தேடுபொறிக்கு ஒரு வரி எழுதிடுங்க. 'அடுத்த பக்கம்' இணைப்பையும் தூக்கிடுங்க. தேடினா முன்னாடி வர்ற பலமெல்லாம் ஒரே இடத்துல சேரும்."

"பழைய கட்டுரைக்குத் தேடுபொறி அந்த இணைப்பு வழியாத்தானே சார் போகும்? வழியை அடைச்சா எல்லாம் காணாமப் போயிடுமே," என்றேன்.

"ரெண்டாம் பக்கத்துக்கு யாருங்க போறா?"

"நான் போறேன்."

மேலாளர் கனிவாகப் பார்த்தார். "நீங்க மெத்தை வாங்கப் போறதில்லையே தம்பி. வீட்டுல இருக்கற டபுள் மெத்தையே உங்களுக்கு அதிகம்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் மனம் கணக்கில் வரவில்லை. உத்தரவுப்படி அந்த வரியை எழுதினேன், இணைப்புகளையும் எடுத்தேன்.

திட்டம் மகத்தான வெற்றி. தேடுபொறி அவளைச் சுத்தமாக மறந்தது. இணைப்புகளைத் திரும்பப் போட அனுமதி கேட்டேன்.

"எதுக்குப்பா? அவங்களுக்குத்தான் முதல் பக்கத்துலயே அஞ்சலி போட்டிருக்கோமே!" என்றார் மேலாளர்.

போட்டிருந்தார்கள். எழுதியவர் ஆலோசகர். தலைப்பு: 'அவர் உறங்குகிறார். நீங்கள்?' அவள் பெயர் எங்கும் இல்லை. பெயரை யாரும் தேடுவதில்லையாம். 'சிறந்த மெத்தை' மட்டும் பத்திக்குப் பத்தி வந்தது. முடிவில், "'நல்ல மெத்தையே நல்ல வாழ்வு' என்பதே அவர் இறுதியாக உதிர்த்த சொற்கள்" என்றிருந்தது.

எல்லாவற்றுக்கும் அசல் முதல் பக்கமே என்பதால், அந்த அஞ்சலிக்கு ஒரு சிறு பிழைதிருத்தத்தை இன்று அங்கேயே ஏற்றியிருக்கிறேன். மருத்துவமனையில் அவள் பக்கத்தில் இருந்தவன் நான். அவளுடைய கடைசிக் கட்டுரையில் இன்னும் நாலு இடத்தில் 'சிறந்த மெத்தை' சேர்க்கச் சொல்லி ஆலோசகர் காலையிலிருந்து அவளை அழைத்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறக்காமல் அவள் உண்மையில் சொன்னது இது:

"அந்த ஆளு மறுபடி போன் பண்ணா, நான் செத்துட்டேன்னு சொல்லிடுப்பா."