இரண்டு ‘பின்’ எதற்கு?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தங்கள் நலம், தங்கள் முழங்கால் நலம், தங்கள் சிவப்புப் பேனாவின் நலம் ஆகியவற்றை அறிய ஆவல். சென்ற மாதம் நான் எழுதிய கடிதத்தில் முப்பத்தொரு பிழைகளை வட்டமிட்டு எனக்கே திருப்பி அனுப்பியிருந்தீர்கள், கிடைத்தது. நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவருக்கு ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது என்று என் மருமகள், அதாவது தங்கள் மகள், சமாதானம் சொன்னாள். எனக்குக் கோபமே இல்லை. ஓரத்தில் “முற்றுப்புள்ளி என்று ஒன்று இருக்கிறது, சம்பந்தியம்மா” என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு மட்டும் கொஞ்சம் கோபம். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். பேச்சை நிறுத்தினால் லைன் கட்டாகிவிட்டது என்று எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிடுவார். அந்தப் பழக்கம் எழுத்திலும் வந்துவிட்டது.

போன முறை தாங்கள் வந்தபோது எங்கள் சோபாவில் படுத்து, கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, காலையில் எழுந்து “எனக்கென்று ஒரு கட்டில் போடுகிற வரைக்கும் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனதும் மறக்கவில்லை. கட்டில் இன்னும் வாங்கவில்லை. வாங்கினாலும் போட இடமில்லை. அதை விடுங்கள், இப்போது எழுதப்போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கிடைச்சிடுச்சு! அரசாங்க மானியம் கிடைச்சிடுச்சு, சம்பந்தி! இன்று காலை தபாலில் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினேன்.

என்ன மானியம் என்று கேட்பீர்கள். தெருமுனை லாண்டரிக்கு மேலே ஒரு அறை இருக்கிறதே, அங்கே நான் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், தாங்கள் அந்த வரியில் ஒற்றுப் பிழையை மட்டும் பார்த்திருப்பீர்கள். மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடுகிறது, அப்பா அம்மா வேலை முடிந்து வர ஏழு மணி ஆகிறது, வீடு பூட்டியிருக்கிறது, பிள்ளைகள் எங்கே போகும்? படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும், இல்லை தெருவில் திரியும். அப்படி நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன், இப்போது இருபத்துநாலு. வீட்டுப்பாடம் அரை மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் டெலிபோன். எக்ஸ்சேஞ்சை மூடியபோது குப்பையில் போட்ட ஆறு பழைய போன்களை நான் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பிள்ளைகளே கழற்றி, துடைத்து, பேட்டரி வைத்து, வயர் இழுத்து, மாடிப்படிக்கு ஒன்று, மொட்டைமாடிக்கு ஒன்று, கீழே லாண்டரிக்காரர் மேஜைக்கு ஒன்று என்று கனெக்‌ஷன் கொடுத்து, நடுவில் ஒரு திரையைக் கட்டி, திரைக்குப் பின்னால் எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்து ஆபரேட்டர் வேலை பார்க்க வேண்டும், அதுதான் சட்டம்.

அந்தச் சட்டத்தால்தான் அந்த அதிசயம் நடந்தது. எங்களிடம் ஒரு பெண் வருகிறாள், ஒன்பது வயது, மற்ற பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘சைலண்ட்’. அவள் அம்மா டிப்போவில் பஸ் கழுவுகிறாள். பள்ளிக்கூடத்தில் இந்தப் பெண் ஒன்றரை வருடமாக வாயைத் திறக்கவில்லை, வருகைப் பதிவு எடுக்கும்போதுகூடக் கையை மட்டும் தூக்குவாள். எங்களிடமும் அப்படித்தான் இருந்தாள். அவள் முறை வந்த அன்று திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள், எல்லா லைனும் செத்துப்போகப் போகிறது என்று நான் நினைத்தேன். மாடிப்படி போன் அடித்தது. எடுத்தேன். “எக்ஸ்சேஞ்ச். எந்த நம்பர் வேணும்?” என்று ஒரு குரல் கேட்டது, சம்பந்தி, சின்னக் குரல், ஆனால் தெளிவு! எனக்கு வந்த அழுகையில் நம்பரையே மறந்துவிட்டேன். “லைன்ல இருக்கீங்களா? இருக்கீங்களா?” என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் அவள் பேசாத பேச்சில்லை. திரையை விட்டு வெளியே வந்தால் மறுபடியும் சைலண்ட்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது லாண்டரிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மேலே வந்தார். நல்ல மனுஷன், இத்தனை நாளும் அறையைச் சும்மாதான் கொடுத்திருந்தார். ஆனால் அவருக்கு ஒரு அக்கா இருக்கிறார், அந்த அக்காவுக்கு அந்த அறையில் பியூட்டி பார்லர் வைக்க வேண்டுமாம், ஒன்றாம் தேதி நாற்காலி கண்ணாடியோடு வந்து இறங்கப் போகிறாராம். “எங்க அக்காகிட்ட என்னால பேச முடியாதும்மா. ஆனா வாசல்ல கவர்ன்மென்ட் போர்டு ஒண்ணு தொங்கிச்சுன்னு வைங்க, அக்கா கவர்ன்மென்ட்கிட்ட பேசிக்கட்டும்” என்றார். ஒன்றாம் தேதிக்குள் போர்டு இல்லையென்றால் இருபத்துநாலு பிள்ளைகளும் மறுபடி படிக்கட்டுக்கு, திரையும் எக்ஸ்சேஞ்சும் மூட்டைக்கு, அந்தப் பெண்ணின் குரலும் அதோடு போச்சு.

அப்போதுதான் தங்கள் மகள் இந்த மானியத்தைக் கண்டுபிடித்தாள். பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் வகுப்புகளுக்கு அரசாங்கமே பொருளும் கொடுத்து போர்டும் கொடுக்கிறதாம். விண்ணப்பம் முப்பத்தெட்டுப் பக்கம்! நான் சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்தாள். ஏழாம் பக்கத்தில் “பயனாளிகளின் பின்தங்கிய நிலையை விவரிக்கவும்” என்று கேட்டிருந்தது. பெற்றோரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று டிப்போவுக்குப் போனேன். பஸ் கழுவும் அம்மா குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே படித்தாள், பிறகு குழாயை என் பக்கம் திருப்பினாள். “யாரு பின்தங்கினது? எம்பொண்ணா? பேசலைன்னா பின்தங்கிட்டாளா? கணக்குல நூத்துக்கு நூறு வாங்குறா, தெரியுமா?” என்றாள். நான் தெப்பமாக நனைந்து நின்றேன். “உன் பொண்ணு பின்தங்கலம்மா, ஏழு மணி வரைக்கும் அவளுக்கு ஒரு இடம் இல்லாம நாமதான் பின்தங்கிட்டோம்” என்று என் வாயில் எப்படியோ வந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். மை கலைந்துபோய் இன்னொரு படிவத்தில் மறுபடி வாங்கினேன்.

இனிமேல் எழுதப்போவதைத் தாங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும், ஏனென்றால் நானே ஒரு பிழையைப் பிடித்தேன்! திட்டத்தின் தலைப்பு என்ற கட்டத்தில் தங்கள் மகள் “பள்ளிக்குப் பின் பின்தங்கிய மாணவர்களுக்கான வளமூட்டும் வகுப்பு” என்று அடித்திருந்தாள். எனக்கு உடனே உறுத்தியது. “ஏண்டா கண்ணு, ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்திருக்கே. ரெண்டு பின் எதுக்கு, துணியிலயா குத்தப்போறோம்? பின்னால வந்த பின்னை எடுத்துடு” என்றேன். அவள் தயங்கினாள். “அத்தை, எதுக்கும் எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?” என்றாள். “உங்கப்பா முப்பத்தொரு வட்டம் போட்டு அனுப்புறதுக்குள்ள கடைசித் தேதி போயிடும், எடு” என்றேன். எடுத்துவிட்டாள். வாசிக்கவே எவ்வளவு வழவழப்பாக இருந்தது தெரியுமா? பிழை திருத்துவது பெரிய வித்தை ஒன்றுமில்லை, சம்பந்தி, காது இருந்தால் போதும். தவறாக நினைக்கவேண்டாம்.

அப்புறம் பார்வையிட ஒரு அதிகாரி அம்மா வந்தார். அன்றைக்கென்று லாண்டரியில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு, மாடிப்படி முழுக்கப் புகை, அதிகாரி அம்மா யாரோ வீட்டுச் சட்டை ஹேங்கரைக் கைப்பிடி என்று பிடித்து, சட்டையோடு மேலே வந்து சேர்ந்தார். திரைக்கு வெளியே இருந்த பிள்ளைகள் இருபத்துமூன்று பேரும் சிலையாகிவிட்டார்கள். எவ்வளவு வாயாடிகள் தெரியுமா, ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை! அதிகாரி அம்மா “இங்க என்ன கத்துக்கறீங்க?” என்று கேட்கிறார், பதில் இல்லை. “தினமும் வர்றீங்களா?” பதில் இல்லை. நான் வாயெடுத்தால் “நீங்க சொல்லாதீங்க, பிள்ளைங்க சொல்லட்டும்” என்கிறார். என்னைப் பேசாதே என்று சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று தங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து அவர் பக்கத்திலிருந்த போன் அடித்தது. திடுக்கிட்டு எடுத்தார். “வணக்கம் மேடம், எக்ஸ்சேஞ்ச்ல இருந்து பேசறேன். நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், பார்த்து உட்காருங்க. உங்களுக்கு எந்த லைன் வேணும்?” என்று கேட்டது சைலண்ட்டின் குரல். அதிகாரி அம்மா சிரித்துவிட்டார். மொட்டைமாடி லைன் கேட்டார், லாண்டரி லைன் கேட்டார், லாண்டரிக்காரரோடு பேசி அந்தச் சட்டை யாருடையது என்றுகூடக் கேட்டார். போகும்போது என் கையைப் பிடித்து, “நல்ல ரிப்போர்ட் எழுதறேம்மா. நான் பார்க்கிறது மட்டும்தான், ஒதுக்குறது வேற பிரிவு” என்றார்.

அந்த வேறு பிரிவும் ஒதுக்கிவிட்டது! “தங்கள் விண்ணப்பம் தலைப்பில் கண்டவாறே முழுமையாக ஏற்கப்பட்டது, பொருள்களும் பெயர்ப்பலகையும் இன்றே அனுப்பப்படுகின்றன” என்று கடிதத்தில் இருக்கிறது. ‘தலைப்பில் கண்டவாறே’ என்பதைக் கவனியுங்கள், என் திருத்தம் எவ்வளவு எடுப்பாக இருந்திருந்தால் அதைக் குறிப்பிட்டு எழுதியிருப்பார்கள்! பின்னிணைப்பு என்று இரண்டு பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது, அதை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். நாங்கள் கேட்டது புத்தக அலமாரி, மைக்ராஸ்கோப், புது வயர், அதைப் பற்றவைக்கும் கருவி. பஸ் கழுவும் அம்மாவுக்குப் போன் செய்தேன், “போர்டை நானே கழுவி மாட்டுறேன்” என்கிறாள். லாண்டரிக்காரர் ஆணியும் சுத்தியலுமாக வாசலில் நிற்கிறார், அக்காவுக்கும் தைரியமாகச் செய்தி அனுப்பிவிட்டார். இந்தக் கடிதத்திலும் வட்டம் போட்டு அனுப்புங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், இன்றைக்கு எனக்கு எதுவும் உறைக்காது.

தங்கள் முழங்கால் வலி விலகி, கண் பார்வை கூர்மையாகி, குறை காணும் குணம் மட்டும் சற்றுக் குறைந்து, நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தியம்மா

பின்குறிப்பு: மேலே சந்தோஷமாக எழுதியிருப்பதையெல்லாம் சிவப்புப் பேனாவால் அடித்துவிடவும். உறையை ஒட்டுவதற்குள் லாரி வந்துவிட்டது. லாரியிலிருந்து இறங்கியவை: இரும்புக் கட்டில் இருபத்துநாலு, மெத்தை இருபத்துநாலு, தலையணை இருபத்துநாலு. மைக்ராஸ்கோப் இல்லை. போர்டு இருக்கிறது, பச்சை நிறத்தில் பளபளவென்று, “பள்ளிக்குப் பின் தங்கிய மாணவர் விடுதி” என்று எழுதி. லாண்டரிக்காரர் அதைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டார். “விடுதின்னு போர்டு மாட்டினா எங்க அக்கா பெட்டி படுக்கையோட வந்து முதல் கட்டிலைப் பிடிச்சுக்கும்மா” என்கிறார். லாண்டரி முழுக்கக் கட்டில், துணி வாங்க வந்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

உடனே லாண்டரிக்காரரின் நிஜ போனிலிருந்து அந்தப் பிரிவுக்குப் போன் செய்தேன். “நீங்கதானம்மா தங்கிய மாணவர்கள்னு எழுதியிருக்கீங்க? தங்கினா கட்டில் வேணும்ல?” என்றார் ஒருவர். சம்பந்தி, வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குப் பேச்சு வரவில்லை. ரிசீவர் கையில் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். சைலண்ட் வந்து என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். திரை இல்லை, சம்பந்தி, எல்லோர் நடுவிலும், லாண்டரி மேஜைக்கு முன்னால்! “சார், நாங்க தங்க வரல. ஏழு மணிக்கு எங்கம்மா வந்துடுவாங்க. அதுவரைக்கும் இருக்க இந்த ரூம் வேணும், அவ்வளவுதான். தலைப்புல ஒரு பின் விட்டுப்போச்சு, திருப்பி வெச்சுத் தர்றோம்” என்றாள். அந்தப் பக்கம், “யாரும்மா பேசறது?” என்று கேட்டது எனக்கே கேட்டது. “எக்ஸ்சேஞ்ச்” என்றாள்.

அந்த மனிதர் இறங்கி வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திய விண்ணப்பம் முப்பத்தெட்டுப் பக்கமும் கொடுத்தால் ஒன்றாம் தேதிக்குள் போர்டை மாற்றித் தருவாராம், ஆனால் அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் அடுத்த வருடம்தானாம். அந்தப் பெண் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். நான் தங்களை நினைக்கிறேன். பிழை திருத்துவது பெரிய வித்தைதான், மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன், கண்டதும் சிவப்புப் பேனாவோடு கிளம்பி வாருங்கள். படுக்க இடமில்லையே என்ற கவலை வேண்டாம், இருபத்துநாலு கட்டில் இருக்கிறது.