பெட்டி நானாவின் கறுப்புப் பெட்டி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டியில் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என்பதை முடிவு செய்தது அப்பாமாரும் இல்லை, அதிகாரிகளும் இல்லை. திருகோணமலை வீதியில் தகரப்பெட்டி செய்து விற்ற முஸ்லிம் பெரியவர் பெட்டி நானாதான். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும் என்று நினைக்கிறேன்.

தங்கிப் படிக்கப் போர்டிங்குக்குப் போகிற பிள்ளைக்குப் பூட்டோடு ஒரு தகரப்பெட்டி வேண்டும். அதனால் எல்லா அப்பாமாரும் நானாவிடம் வந்தாக வேண்டும். அவரோ லேசில் விற்கமாட்டார். "பெட்டிக்கும் புள்ளக்கும் பொருத்தம் பாக்கோணும்" என்பார். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு கெடுபிடி செய்யமாட்டார்கள். கடை மூலையில் ஒரு பழைய கறுப்புப் பெட்டி இருந்தது. பக்கங்களில் காற்றுக்கு ஓட்டை. பிள்ளையை அதற்குள் குந்தவைத்து மூடி, மேலே ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பால் விடாத வெறுந்தேத்தண்ணி குடித்தபடி மூடியை மூன்று தடவை தட்டுவார். உள்ளேயிருந்து என்ன வருகிறதோ அதை வைத்துத்தான் தீர்ப்பு.

கோர்ட்டுக்குப் போகும் ஒரு புரொக்டரின் மகன் உள்ளே குறட்டை விட்டான். "இவன் எங்க போட்டாலும் கிடப்பான், அனுப்புங்க" என்றார் நானா. இன்னொருவன் "வடை இருக்கா?" என்று கேட்டான். "போர்டிங் சோறு இவனுக்குப் பத்தாது, ஊர்லயே வைங்க." இரண்டும் அப்படியே பலித்தன.

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர் ஒருவரின் மகன் விவகாரம்தான் தெருவையே ஆட்டிவைத்தது. வெளியே வந்தவன் அழவில்லை. "உள்ள இன்னொருத்தர் இருக்காரே, அவரு எந்த ஸ்கூல்?" என்று கேட்டான். நானா தேத்தண்ணியை ஊதிக்கொண்டே, "அவர் எங்கயும் போறல்ல" என்றார். அன்றிலிருந்து பக்கத்துக் கடைக்காரர் மழை இருட்டினால் கதவைச் சாத்திவிடுவார். மழை நாளில் அந்தப் பெட்டி தானாகத் தட்டும் என்று சத்தியம் செய்தார். நானா பெட்டியைப் பார்த்து, "கொஞ்சம் பொறுங்க, கடைக்கு ஆள் வந்தீக்கி" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது என் முறை வந்தது. நாங்கள் கண்டியை ஒட்டிய மஹய்யாவவில் இருந்தோம். அம்மாவுக்கு விடாத இருமல். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த அப்பா, அது என்னையும் தொற்றிவிடும் என்று பயந்து, மலைமேல் ஒரு போர்டிங்கில் என்னைச் சேர்க்கத் தீர்மானித்திருந்தார். அம்மா மறுத்துப் பேசவில்லை. அன்று காலை என் தலையை மட்டும் வலிக்க வலிக்கப் பின்னிவிட்டாள். லீவுக்கு நான் திரும்பி வரும்போது அம்மா இருக்கமாட்டாள் என்ற பயம் எனக்கு. பெட்டிக்குள் போனதும் ஊரே கூடும்படி ஒப்பாரி வைப்பது என்று முடிவு கட்டியிருந்தேன்.

மூடி விழுந்தது. இருட்டு, பெயிண்ட் வாசனை. மேலே மூன்று தட்டு. அழ வாயைத் திறந்தேன். என் காதோரம், பெட்டிக்கு உள்ளேயிருந்து, நிதானமாக மூன்று தட்டு பதிலாக வந்தது.

கையை நீட்டித் தடவினேன். குளிர்ந்த தகரம் மட்டும்தான். மறுபடி மேலே மூன்று, உள்ளே மூன்று. நெடுநாள் பழகிய இருவர் பேசிக்கொள்வது போல் இருந்தது. அழுகை மறந்துபோனது. கூட இருப்பவர் யாராயிருந்தாலும் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்று ஏனோ தோன்றியது.

"நான் போயிட்டு வர்ற வரைக்கும் எங்கம்மா இருப்பாங்களா?" என்று கிசுகிசுத்தேன்.

காத்திருந்தேன். அதன் பிறகு தட்டே வரவில்லை.

மூடி திறந்தது. நானா தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இந்தப் புள்ளய அனுப்ப வாணாம் ஐயா. ஊர்ப் பள்ளிக்கூடம் போதும்."

"சத்தமே போடலியே நானா, தைரியமான பொண்ணு" என்றார் அப்பா.

"சத்தம் போடாத புள்ளதான் போகக்கூடாது."

"அத நான் பாத்துக்கிறேன். நீங்க பெட்டியக் குடுங்க."

"என்ட கிட்ட பெட்டி இல்ல." அவர் முதுகுக்குப் பின்னால் கூரைவரை பெட்டி அடுக்கியிருந்தது.

அப்பா ஒரு வாரம் நடையாய் நடந்தார். பெட்டி இல்லை. நானா வேண்டாம் என்ற பிள்ளைக்கு வேறு கடையில் பெட்டி வாங்கும் துணிச்சல் கண்டியில் யாருக்கும் இருந்ததில்லை, அப்பாவுக்கும் இல்லை. கடைசியில் நானாவே மஹய்யாவவுக்கு வந்து, வாசலில் நின்று அப்பாவிடம் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் என்னை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

அம்மா அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தாள். அவளால் முடிந்தவரை, நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். போர்டிங்குக்குப் போயிருந்தால் அந்த எட்டு மாதமும் எனக்குக் கிடைத்திருக்காது.

வளர்ந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "நானா, அன்னைக்கு உள்ள தட்டினது நீங்கதானே, காலால?"

"நான் மேல சம்மணம் போட்டுத்தானே குந்தி ஈந்த. கால் எப்பிடிப் புள்ள எட்டும்?" என்றார், என்னைவிட ஆச்சரியத்தோடு.

அவர் மௌத்தான பிறகு, அவர் மகன் அந்தக் கறுப்புப் பெட்டியை எனக்கு அனுப்பிவைத்தார். அதில் என்ன இருக்கிறதோ என்ற பயம் எனக்கில்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் அதன் மூடியை ஒருமுறைகூடத் தட்டியதில்லை. தட்டி, உள்ளேயிருந்து நானா பதில் தட்டாமல் போய்விட்டால் என்ன செய்வேன்?